சேர்வு இலக்கம் 2117

கிளாஸ்கோவில் வாடகைக் கார் ஓட்டும் சிவநேசராசா
நிறை பார்த்து வாங்கி அனுப்பியிருந்தார்
ஒட்டுசுட்டான் நூலகத்துக்கு ஒரு பெட்டி.
அடியில், ஈரம் ஏறி ஒன்றோடொன்று ஒட்டிய
மூன்று பாட்டுப் புத்தகங்கள்:
ஸ்கொட்லாந்து, இங்கிலாந்து, அயர்லாந்து.
விலை ஆறு பென்ஸ்.

பதிவேட்டில் 'ஆசிரியர்' என்றொரு நிரல்.
முதற் புத்தகத்தில் நூற்றுப்பன்னிரண்டு பாட்டு.
தொண்ணூறுக்குமேல் 'பழையது' என்றுதான் கிடக்கிறது.
பழையது என்பவருக்கு முதலெழுத்து என்ன?

கடைசியில் அருஞ்சொல் விளக்கம்.
ஸ்கொட்லாந்துக்காரன் பாடியது
இங்கிலாந்துக்காரனுக்கு விளங்காதாம்.
எனக்கதில் சின்னச் சந்தோசம்.
பேர்ன் என்றால் எரி என்று படித்தவள் நான்.
இங்கே போட்டிருக்கிறது: ஓடை.
குரக்கன் ஒட்டைச் சுட்டுப் பெயரெடுத்த ஊர் இது,
பிறகும் என்னென்னவோ எரிந்தது.
ஒற்றைத் தாளில் 'எரி' என்று எழுதி
எகரத்தின் காலில் ஒரு கோடு இழுத்துப் பார்த்தேன்.
ஏரி.
ஆனால் இங்கே ஆர் ஏரி என்கிறார்கள்? குளம்தான்.
அழித்துவிட்டேன்.

நாற்பத்தொன்றிலிருந்து நாற்பத்துநாலு வரை
பக்கங்கள் இல்லை.
பெயர் மட்டும் அட்டவணையில் இருக்கிறது.
அதற்கும் ஒரு நிரல் உண்டு,
எங்களுக்கு நிரப்பிப் பழகிய நிரல்.

சொற்களுக்கு மேலே எழுத்தும் முக்காற்புள்ளியும்.
பஸ் நேரமோ என்றேன்.
"இல்லை மிஸ், சுரம்" என்றாள் ஜெசிந்தா,
கோயில் பாடகர் குழுவில் இரண்டாம் குரல்.
நாற்பதாம் பக்கத்தை வாய்க்குள் இழுத்தாள்,
விரலால் மேசையைத் தட்டித் தட்டி.
ஆரோ கப்பலேறுகிறான், ஆரோ கரையில் நிற்கிறாள்,
அவ்வளவுதான் எனக்குப் பிடிபட்டது.
நாலாம் அடி ஏறப்போகிற இடத்தில்
தாள் முடிந்தது.
அவள் வாயும் நின்றது.

வெளியே நெல்லு மூட்டையோடு உழவு இயந்திரம்.
றேடியேற்றருக்குத் தண்ணி வார்த்துக்கொண்டிருந்த பெடியன்
மிச்சத்தை விசிலில் எடுத்து
மெல்ல இறக்கி வைத்தான்.
பிழையாகத்தான் இருக்கும்;
பாதி கோயில் மேளம், பாதி கைபேசி மணி.
ஜெசிந்தா சிரித்தாள். பிறகு
அவன் இறக்கியபடியே
முதலிலிருந்து இன்னொருதரம் பாடினாள்.

பெயரைக் கேட்டெழுதலாம் என்று எழும்பினேன்.
மாங்குளம் றோட்டில் புழுதிதான் நின்றது.

நிரல் இன்னும் வெறுமை.
கணக்காய்வாளர் வைகாசியில் வருவார்.