இரண்டு ஈயம்

எர்லாங்கனில் பனி கொட்டிய சனிக்கிழமை.
பொங்கல் விழாவுக்கு ரசம் என் பொறுப்பு,
அறுபது பேர்.
வீட்டில் இருந்த பெரிய பாத்திரமே எட்டு லிட்டர்.
கீழ்வீட்டு எக்கார்ட்டின் பீர் அண்டாவோ ஐம்பது,
அடியில் குழாய் வைத்தது;
திருகினால் வாளி நிரம்பும், கரண்டி வேண்டாம்.
கேட்டதும் கொடுத்தார், கழுவிக்கூட வைத்திருந்தார்.

புளி கரைத்து, தக்காளி பிசைந்து,
பூண்டு தட்டிப் போட்ட நேரம் மணி அடித்தது.
ஒற்றைக் காலுறையோடு எக்கார்ட்.
"புளிப்பான பதார்த்தமா?"
ரசம் என்றால் புளிப்புதானே.
"குழாய் பித்தளை. போன வாரம்தான் மாற்றினேன்.
இன்னும் ஊறவைக்கவில்லை."
எனக்குத் தெரியாத ஒரு சொல்லைக்
கைப்பேசியிடம் சொன்னார்.
கைப்பேசி என் பக்கம் திரும்பி
"ஈயம்" என்றது.

சிரித்துவிட்டேன்.
ஈயமா! அதில் வைத்தால்தான் ரசமே ரசம் என்று
மாமியார் கும்பகோணத்திலிருந்து
ஒரு சொம்பே அனுப்பியிருக்கிறாரே.
எக்கார்ட் முகத்தில் ரத்தம் இல்லை.

அப்புறம்தான் உறைத்தது.
வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு.
ஒன்பதாம் வகுப்பில் எழுதி மதிப்பெண் வாங்கியதுதான்;
சோம்பேறி நாக்கு முன்பாதியைத் தின்றுவிடுகிறது.
ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை.
கேலி என்றே நினைத்திருந்தேன் இத்தனை நாளும்.
இளித்த வாய்க்குள்
பல்லெல்லாம் ஈயம்.

"கொதிக்கவே இல்லையே, ஒருவேளை
ஒன்றும் கரைந்திருக்காது" என்றார்.
அந்த ஒருவேளையை
அறுபது இலையில் எப்படிப் பரிமாறுவது?
முப்பது லிட்டரையும் கொட்டினோம்.
அடுக்ககத்தின் சாக்கடை முழுக்கப் பெருங்காயம்.

அவர் குழாயைக் கழற்றி
இரண்டு பங்கு வினிகர்,
ஒரு பங்கு மருந்துக்கடைப் பெராக்சைடில் போட்டார்.
"கால் மணி நேரம். தண்ணீர் பச்சையானால் செம்பு கரைகிறது,
உடனே எடுக்கணும்."
நுரைத்தது. வெளியே வந்தபோது
பசுவெண்ணெய் நிறம்.
அதைப் பார்க்க நேரமில்லை எனக்கு,
ஏழு வீட்டில் ஏழு குக்கர் இரவல் கேட்டு ஓடினேன்.
ஏழு ருசியில் ரசம்.
செண்பகவல்லி மூன்று முறை வாங்கினாள்,
எந்தக் குக்கர் என்று கேட்காமல்.

ராத்திரி சொம்பை எடுத்தேன்.
காரீயம் தாளில் கோடு போடும்,
இதுவும் ஒன்பதாம் வகுப்புதான்.
மளிகை ரசீதின் பின்பக்கம்
விளிம்பை வைத்து இழுத்தேன்.
சாம்பல் நிறத்தில் மெல்லிசாய் ஒன்று.
நரைமுடியாய் இருக்கும் என்று
ஊதினேன்.
போகவில்லை.