அரை விநாடி

மிதித்த கணத்திலிருந்து
விசை வந்து சேரும் கணம்வரை
ஒன்று புள்ளி ஒன்று விநாடி என்றது என் கணினி.
ஆஹன் நகரின் விளிம்பில், மழை ஒழுகும் கூரையின்கீழ்
மூன்றாம் அறையில் போல்ட் போட்டு இறுக்கிய எஞ்சின்
ஒன்று புள்ளி ஆறு என்றது.

அரை விநாடி.
ஒரு தும்மலுக்குக்கூடக் காணாது.
நெடுஞ்சாலையில் லாரியின் முன்னால் புகுகிறவனுக்கோ
அது பதினைந்து மீட்டர்.

இரண்டு வாரம் தேடினேன்.
குழாய்களை நீட்டினேன், குறுக்கினேன்.
டர்போ தண்டின் உராய்வைக் கூட்டினேன்.
பெட்ரோல் எரியும் வேகத்தில் கொஞ்சம் கிள்ளி எடுத்தேன்.
குட்டைப் போர்வைதான்:
தலைக்கு இழுத்தால் கால் தெரிந்தது.

என் மாதிரி அழகானது, அதையும் சொல்லியாக வேண்டும்.
நான்கு சிலிண்டர், நானூற்றுப் பன்னிரண்டு கட்டங்கள்,
ஒவ்வொன்றிலும் காற்றுக்கு ஓர் அழுத்தம், ஒரு வெப்பம், ஒரு திசை.
எண்ணெய் நாற்றம் இல்லை.
யாரும் அதில் கை சுட்டுக்கொண்டதில்லை.
அதன் சுவர்கள் எந்நேரமும் கொதித்தபடியே இருந்தன,
அப்படியே இருக்கட்டும் என்று
ஒரு வெள்ளிக்கிழமை மாலை
வீட்டுக்குப் போகும் அவசரத்தில் நான் தட்டியிருந்தேன்.

மார்லீஸ் க்யுப்பர்ஸுக்கும் அவசரம் வந்தது, ஒரு வியாழனன்று.
மூன்றாம் அறை அவளுடையது.
ஓர் ஓட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே
ஐந்து நிமிடம் எஞ்சினைச் சும்மா உறுமவிட வேண்டும், விதி அது.
ஹாக்கி ஆட்டத்துக்கு டிக்கெட் வைத்திருந்தாள்,
விடவில்லை.
ஒன்று புள்ளி ஆறு. நான்கு. மூன்று. இரண்டு.
கீழே இறங்கிக்கொண்டே போன எண்களின் மேல்
"செல்லாது" என்று சிவப்பில் எழுதி அழித்தேன்.

திங்களன்று என் மேசைமுன் வந்து நின்றாள்.
"விதியை மீறினேன், எழுதிக்கொள்.
ஆனால் எஞ்சின் பொய் சொல்லவில்லை.
எதை அழிக்கிறோம் என்று படித்துவிட்டாவது அழி."

படித்தேன்.

சும்மா உறுமும் ஐந்து நிமிடத்தில்
டர்பைனின் இரும்பு ஆறிப்போகிறது.
மிதித்ததும் பாய்ந்து வரும் புகை
சக்கரத்தைத் தள்ளுமுன்
இரும்புக்குக் கப்பம் கட்டுகிறது.
புதுச் சட்டி
முதலில் ஊற்றிய எண்ணெயைத் தானே குடித்துவிடுமே,
அப்படி.
தேடிய அரை விநாடி
காற்றில் இல்லை, நெருப்பில் இல்லை,
நான் கொதிக்கவைத்துவிட்டு மறந்த சுவருக்குள் இருந்தது.

சுவருக்குத் தடிமன் கொடுத்தேன். எடை கொடுத்தேன்.
ஆறுவதற்கும் சூடேறுவதற்கும் உரிமை கொடுத்தேன்.
நாற்பது நிமிடத்தில் முடிந்த கணக்கு
பதினோரு மணி நேரம் ஓடியது.
விடிகாலையில் திரை சொன்னது:
ஒன்று புள்ளி ஐந்து இரண்டு.

நூறில் எட்டு இன்னும் பாக்கி.
அது எங்கே என்று எனக்குத் தெரியாது.

மார்லீஸின் எண்களைக் காப்பிலிருந்து மீட்டு
"செல்லாது" இருந்த இடத்தில்
"இடைவெளி இன்றி" என்று எழுதிக் காட்டினேன்.
சீஸ் ரொட்டியை மென்றபடி பார்த்தாள்.
"தேதி தப்பு," என்றாள்.

வெளியே, கந்தகம் மணக்கும் வெந்நீர் ஊற்றைத் தாண்டி
நகரப் பேருந்து சிவப்பில் நின்றிருந்தது. ஏறிக்கொண்டேன்.
பச்சை விழுந்தது. ஓட்டுநர் மிதித்தார்.
பேருந்து ஒரு மூச்சு யோசித்தது,
பிறகுதான் எல்லோரும் பின்னால் சாய்ந்தோம்.

எண்ணிவிட்டேன், பழக்கதோஷம்.
டீசல். என் இலாகா இல்லை.