சாலையோரப் பாதி

வெர்கித்துவின் நிலம் சாலையை ஒட்டியது.
அதனால்தான் தேர்ந்தெடுத்தேன்.
சந்தைக்குப் போகிறவன்
கழுதையை நிறுத்தாமலே பார்த்துவிட்டுப் போகட்டும் என்று.

கிம்பிச்சுக் கரிசல் மழைநாளில்
செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும், திருப்பித் தராது.
தண்ணீர் வடியட்டும், மஞ்சள் பூ பூக்கட்டும்,
மெஸ்கல் தீ அணைந்தபின் விதைக்கலாம் என்பது
இந்த மேட்டுநிலத்தின் பேச்சு.
அதன்பின் மழை இல்லை.
மண்ணில் மிஞ்சிய ஈரத்தை
என் மாதச் சம்பளம்போல
எண்ணி எண்ணிச் செலவழிக்கும் கடலை,
பூக்கும்போது கையைப் பிசையும்.

நான் கேட்டது பாதி நிலம்.
மேட்டுப்பாத்தி, இடையிடையே வடிகால்,
மூன்று வாரம் முந்திய விதைப்பு,
சர்க்கரைத் தண்ணீரில் குழைத்து
விதைமேல் பூசிய கறுப்புப் பொடி.
“கடலைக்குக் காபி ஊற்றுகிறான்” என்றான் ஃபெய்சா
வேலிக்கு அப்பாலிருந்து.
வெர்கித்து சிரிக்கவில்லை.
நடுவில் ஒரு கல்லை ஊன்றினாள்:
“இந்தப் பக்கம் பொய்த்தால்
உன் சம்பளத்தில் கழிப்பேன்.”

நாற்பத்தைந்தாம் நாள்
பக்கத்துக்கு ஒரு செடி பிடுங்கினோம்.
வேர்முடிச்சை நகத்தால் கீறினாள்.
உள்ளே இளஞ்சிவப்பு.
மற்றதில் தேடினாள், இரண்டோ மூன்றோ, அதுவும் வெளுத்து.
ஒன்றும் சொல்லாமல்
இரண்டு செடியையும் மாட்டுக்குப் போட்டாள்.

காய்ப்புழு வந்தது.
பறவை உட்காரக் குச்சி நட்டோம்.
பறவைகள் வந்தன, புழுவைத் தின்றன.
பறவைகளைத் துரத்திக்கொண்டு பிள்ளைகள் வந்தார்கள்.

பிறகு யார்தான் வரவில்லை?
பள்ளிக்கூடம் முழுக்க உதட்டில் புளிப்போடு அலைந்தது.
மினிபஸ் ஓட்டுநர் சக்கரத்தைச் சோதிக்க இறங்கினான்,
நான்கு முறை, அதே இடத்தில்.
நோன்பு நாள், இறைச்சி கூடாது, பால் கூடாது,
பச்சைக் கடலைக்கு எந்தத் தடையும் இல்லையென்று
குடையை மடக்கிக்கொண்டு சாமியாரும்
ஒரு கொத்து பிடுங்கினார்.

எடை பார்த்த அன்று
சாலையோர ஐந்து வரிசை மொட்டை.
பழைய பாதி மூன்று குவிண்டால்.
புதிய பாதி மூன்று குவிண்டால், நாற்பது கிலோ.
தராசை இரண்டு தரம் தட்டிப் பார்த்தேன்.
நாற்பது கிலோவுக்கா இத்தனை பாத்தி, இத்தனை பொடி,
மேலதிகாரி கேட்பார்.
படிவத்தில் பூச்சிக்குக் கட்டம் உண்டு,
நோய்க்கு உண்டு, வறட்சிக்கு உண்டு.
ஊருக்கு இல்லை.

“எழுது” என்றாள் வெர்கித்து.
“புழு தின்றது இவ்வளவு.
ஊர் தின்றது இவ்வளவு.
கல்லுக்கு அந்தப் பக்கம்
ஒரு காய் குறைந்திருக்கிறதா, போய்ப் பார்த்து
அதையும் எழுது.”

பார்த்தேன்.
பழைய பாதியில் காலடித் தடம்கூட இல்லை.
நடந்து வந்த தடமெல்லாம்
கல்லருகே திரும்பியிருந்தது.

இருட்டும் நேரம் ஃபெய்சா வந்தான்,
கையில் எண்ணெய் டின்.
விதை வேண்டுமாம்.
“எந்தப் பக்கத்து விதை?”
அவன் பதில் சொல்லாமல் மாட்டைப் பார்த்தான்.
கழுதைச் சேணத்தில் காய்ந்த கடலைக்கொடி ஒன்று
ஒட்டிக்கொண்டிருந்தது.

அவள் அளந்து போட்டாள்.
கடைசிப் படியில் கையை விட்டு
ஒரு பிடியைத் திரும்ப அள்ளிக்கொண்டாள்.
எதற்கென்று அவன் கேட்கவில்லை.
பொடி எங்கே கிடைக்கும் என்று மட்டும் கேட்டான்,
என்னை அல்ல, அவளை.

படிவம் இன்னும் என் பையில்தான்.
‘குறிப்பு’ என்று அச்சடித்த இடம்
ஒரு விரல் அகலம்.