ஒன்றரை அடி

ஜன்னலின் அடிமட்டம் மூன்றடி என்கிறது
மாதிரி வரைபடம்.
மாவட்டம் முழுக்க ஒரே வரைபடம்.
யாருடைய உயரத்துக்கு என்று
அதில் எழுதியிருக்காது.

அளவெடுக்கப் போயிருந்தேன்.
பள்ளிப்பட்டுக்கு வடக்கே, நகரி பஸ் திரும்பும் இடத்தில்
வாடகைக் கட்டடத்தில் ஓடும் பழைய அங்கன்வாடி.
எதிரே புதிதுக்கான காலி மனை.
சுவருக்கு அந்தப்புறம் பன்னிரண்டு விசைத்தறிகள்.
டேப்பின் மறுமுனையிலிருந்து முனிரத்தினம் மேஸ்திரி
எண்களைக் கத்திச் சொன்னார்.
பிள்ளைகளும் கத்தித்தான் பேசினார்கள்,
சண்டை இல்லாதபோதும்.

ஒன்பது பத்துக்கு ஓர் அம்மா செருப்பை மாட்டினாள்,
ஓசைப்படாமல்.
லாஸ்யாவுக்கு மூன்று வயதிருக்கும்.
சுவரில் கைவைத்து எம்பினாள்.
எம்பி எம்பி, கம்பி எட்டாமல்,
"அம்ம எப்புடு வஸ்துந்தி?" என்றாள்
சுவரைப் பார்த்து.

டேப் நழுவி விழுந்தது.
எடுக்க மண்டியிட்டவள் அப்படியே இருந்தேன்.
அங்கிருந்து பார்த்தால் அறை வேறு:
மேசையின் அடிப்புறம், ஆணி முனைகள்,
பெரியவர்களின் முழங்கால்கள்.
எழுத்து அட்டைகள் எங்கோ
மின்விசிறிக்குப் பக்கத்தில்.
வெளியே என்று ஒன்று இல்லவே இல்லை.

பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே ஓர் இடைவெளி.
"புதுசுல இப்படி இடம் வீணாகாது, டீச்சர்" என்றேன்.
வனஜாட்சி டீச்சர் சத்துமாவு உருட்டிக்கொண்டே,
"அது அழுவுற இடம்மா.
யாரும் காட்டிக் கொடுக்கல, அதுங்களே கண்டுபிடிச்சதுங்க.
உள்ள போனா நான் கூப்பிட மாட்டேன்.
என் கண்ணுல படணும், அவ்வளவுதான்."

லாஸ்யா அதற்குள் போயிருந்தாள்.
கொஞ்ச நேரத்தில் ஒரு பையன்
(முந்தின நாள் அவளைக் கடித்தவனாம்)
சக்கரம் போன லாரியை இழுத்து வந்து எட்டிப் பார்த்தான்.
அவள் நகரவில்லை.
லாரியை மட்டும் உள்ளே தள்ளினான்.
தறிச் சத்தத்தில் என்ன பேசினார்கள்,
எந்த மொழியில், கேட்கவில்லை.
பிறகு பார்த்தபோது நான்கு பாதங்கள்
வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

மதிப்பீட்டில் எழுதினேன்:
சாலைப்பக்க ஜன்னல், அடிமட்டம் ஒன்றரை அடி.
கம்பிகளின் நடுவே தலை நுழையாத அளவு.
தறிப்பக்கச் சுவர் கனம் கூடுதல்.
மூலையில் இரண்டுக்கு மூன்று மாடம், கதவின்றி.
பயன்பாடு என்ற கட்டத்தில்
"அழுகை" என்று எழுதி, அடித்து,
"பொருள் வைப்பு" என்று போட்டேன்.

கட்டி முடித்த முதல் வாரம் டீச்சரின் போன்.
"உன் ஜன்னலால அழுகை கூடிப்போச்சு.
முன்னெல்லாம் ஏமாத்திட்டு ஓடிடுவாங்க.
இப்ப அம்மா போறது கண்ணால தெரியுது."
எனக்குப் பதில் வரவில்லை.
இரவெல்லாம் அந்த ஒன்றரை அடியை
மனதுக்குள் உயர்த்தி உயர்த்தி அடைத்தேன்.

மூன்றாம் வாரம் பில் கையெழுத்துக்காகப் போனேன்.
ஒன்பது பத்து.
சாலையைக் கடந்த அம்மா தூக்கை இடக்கைக்கு மாற்றி,
திரும்பி நின்று கைகாட்டினாள்.
கம்பியில் மூக்கை அழுத்திக்கொண்டு லாஸ்யா,
தூரத்தில் நகரி மலையின் மூக்கு.
தறிக்கூடத்துத் தகரக் கதவு அவளை விழுங்கும்வரை
நின்றாள்.
பிறகு யாரும் கூப்பிடாமலே திரும்பி,
லாரி யாரிடம் இருக்கிறது என்று தேடினாள்.

வெள்ளையடித்த சுவரெல்லாம் சளி, மாவு, விரல்.
மேஸ்திரிக்கு என்மேல் கோபம்.

மாடத்துக்கு ஏன் கதவில்லை என்று
தணிக்கையிலிருந்து இரண்டாவது கடிதம்.
பதில் எழுத வேண்டும்.