கையேட்டின் நான்காம் பக்கம்

'ஊர் அறிமுகம் ஒரு பக்கம் டைப் பண்ணிக் கொடுங்க,
ஆபீஸ்ல நீங்க ஒருத்தர்தான் இந்த ஊர்க்காரங்க'
என்றார் பிரின்சிபால்.

பெரிய ஊருமில்லை, சின்ன ஊருமில்லை என்று தொடங்கினேன்.
கணினி வந்து பன்னிரண்டு வருடம் ஆகியும்
எண்டரை இன்னும் ஓங்கித்தான் அடிக்கிறேன்.

மூர்மார்க்கெட்டில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறவும்.
வலப்பக்க ஜன்னலில் உட்காரவும்.
கடல் தெரியும் என்பதற்காக அல்ல,
இடப்பக்கம் மணலிக் காற்று வரும்.
திருவொற்றியூர் தாண்டி மூக்கைப் பொத்துகிறவர் வெளியூர்,
பேச்சை நிறுத்தாதவர் நம்மூர்.

ஆற்றின் பெயர் ஆவணத்தில் கொசஸ்தலை,
குப்பத்தில் வெறும் ஆறு,
கடலில் சேருமிடம் மொகத்துவாரம்.
நீளம் எவ்வளவென்று யாரையாவது கேட்டு எழுத வேண்டும்.
அகலம் தெரியும்:
அக்கரையிலிருந்து என் தம்பி பொன்னுரங்கம் திட்டினால்
பாதிக் கெட்ட வார்த்தை மட்டும்
வந்து சேரும் அகலம்.

நிறம் கேட்டால் நாள் சொல்ல வேண்டும்.
குழாய் உடைந்த நாளில் அனல்மின் சாம்பல்.
ஐப்பசி வெள்ளத்தில் கேன்டீன் டீ.
பங்குனியில் காலை ஏழிலிருந்து ஏழரை வரை
ஆற்று நிறம்.

வலை போட ஆளுக்கொரு முறை உண்டு,
இன்று உங்கள் பாடு, நாளை எங்கள் பாடு.
பாடு என்றால் இங்கே முறை.
மற்ற ஊர்களில் அதற்கு வேறு பொருள்;
அதுவும் பொருந்தும்.

கல்லூரிக்கு மூன்று பக்கம் மதில், ஒரு பக்கம் சேறு.
உப்புக் காற்றில் இயற்பியல் ஆய்வகத்தின்
ஸ்குரூகேஜ்கள் துருவேறி
எல்லா மாணவர்க்கும் அரை மில்லி கூடுதலாக வரும்.
வெளித் தேர்வாளர்கள் இதை அறிவார்கள்.
நாலரை மணிக்கு வாசலில் அத்தோ வண்டி.
வெங்காயம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

எழுபத்தைந்து சதவீத வருகை கட்டாயம்.
குறைந்தால் கண்டோனேஷன் கட்டலாம்.
மண் மூடி, கடலுக்குப் போகாமல்
மாதக்கணக்கில் நின்றுவிடும் ஆற்றுக்கு
யார் கட்டுவது என்று விதியில் இல்லை.

இந்த இடத்தில்தான் பிரின்சிபாலின் சிவப்புப் பேனா
முதலில் நின்றது. பிறகு நிற்கவேயில்லை.

அச்சில் வந்தது இது:
'ஆற்றங்கரையில் அமைந்த அமைதியான கல்வி நகரம்.
ரயில், பேருந்து வசதி உண்டு.'
அமைதியான என்று நான் எழுதவில்லை.
அதைப் படித்துக்கொண்டிருந்தபோதே
எண்ணூர் சாலையில் வரிசையாய் நின்ற கண்டெய்னர் லாரிகள்
ஒன்றுக்குப் பின் ஒன்றாய் ஹாரன் அடித்தன.

ஜூன் இரண்டாம் வாரம்
போளூரிலிருந்து ஒரு பெண், தேன்மொழி, அப்பாவோடு வந்தாள்.
கையேட்டைச் சுருட்டிப் பிடித்திருந்தாள்.
'ஆறு எந்தப் பக்கம் மேடம்?
படத்துல நீலமா இருந்துச்சே.'

பின் ஜன்னல் எப்போதும் இறுகிக்கொள்ளும்.
நான் அதை முட்டியால் குத்திக்கொண்டிருந்தபோது
கண்டோனேஷன் கட்ட தேசப்பன் வந்தான்,
புள்ளியியல், இரண்டாமாண்டு முடித்தவன்.
நனைந்த கைலியை மடித்துக் கட்டி
மேலே கல்லூரிச் சட்டை.
கௌண்டரில் கையூன்றினான்.
நோட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன,
பிரித்து எண்ணினேன்.
'இன்னிக்கு உங்க பாடா?'
'எங்களுதுதான். எறா ஒண்ணும் படல.
தண்ணி சுடுது மேடம்.'

ரசீதை அவன் வாயில் கவ்விக்கொண்டு போனான்.

அவன் நின்ற இடத்தில் தரையில் இரண்டு கால் சேறு.
அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.
தேன்மொழி என் பேனாவைக் கேட்டு வாங்கி
அவன் கையூன்றிய இடத்திலேயே
விண்ணப்பத்தை விரித்தாள்.
விடுதி வேண்டுமா என்ற கட்டத்தில்
அவள் அடித்த டிக்
தாளின் ஈரத்தில் கொஞ்சம் அவிழ்ந்து
கடல் பக்கமாக ஓடியது.

ஜன்னல் அன்று திறக்கவில்லை.