அந்த எண்ணில் பாட்டு இல்லை

எங்கள் பாட்டுப் புத்தகத்தில்
அறுநூற்று நாற்பது பாட்டுகள்.
பலகைக்கு மூன்று குழி போதும்.
பதினோரு வருடமாக அதில்
மர எண்களை மாற்றி மாட்டுகிறவள் நான்,
லிந்தவுரா,
பகலில் பெலேம் நகராட்சிக்குத் தெருக் கூட்டுகிறவள்.

செப்டம்பரில் போதகர் ஒசேயாஸ்
தச்சனைக் கூட்டி வந்தார்.
பலகையில் இன்னும் இரண்டு குழி வெட்டினான்.
"சகோதரி, இன்றைக்கு இதை மாட்டுங்கள்"
என்று ஒரு துண்டுச் சீட்டு.
61417.

இந்த எண்ணில் பாட்டு இல்லையே, பாஸ்டர்.

சிரித்தார்.
எண் டீக்கன் வால்தெசிருக்கு,
கவுன்சிலர் வேட்பாளர்.
என் மகனை ஆற்றில் தலை பிடித்து
முக்கி எடுத்தது அவர் கைதான்.

ஆராதனை முடிவில்
கண்ணை மூடுங்கள் என்றார் போதகர்.
மூடினோம்.
திறங்கள் என்றார்.
திறந்த கண்ணுக்கு நேரே அந்த எண்.
பிள்ளைகள்கூட வாசலில்
கயிறு தாண்டிக்கொண்டே சொன்னார்கள்:
ஆறு ஒன்று நாலு ஒன்று ஏழு,
ஆறு ஒன்று நாலு ஒன்று ஏழு.

டீக்கனின் வாக்குறுதி ஒன்றே ஒன்று.
பின் தெருவில் முழவடித்துத் தெய்வமேறி ஆடுகிற வீட்டை
இரவு எட்டுக்கு மேல்
வாய் மூட வைக்கும் சட்டம்.
அதைச் சொன்னபோது எங்கள் ஒலிபெருக்கி அதிர்ந்து
கூரைத் தகரமும் ஆமென் என்றது.

அந்த வீட்டு ஜாசிரா,
மகனுக்கு டெங்கு வந்த வாரம்
என் வீட்டுத் தரையில் ஏழு இரவு கிடந்தவள்.
மரவள்ளிக் கஞ்சி காய்ச்சினாள்.
எந்தத் தெய்வத்தைக் கூப்பிட்டாள் என்று நான் கேட்கவில்லை.
காய்ச்சல் இறங்கியதும்
சபையில் எழுந்து சாட்சி சொன்னேன்.
அவள் பெயரைச் சொல்லவில்லை.
அது ஒன்று கிடக்கிறது என் கணக்கில்.

தேர்தல் ஞாயிறு, விடியுமுன்.
பள்ளிக்கூட வாசலெங்கும்
இரவோடிரவாகக் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள்
வேட்பாளர் படச் சீட்டுகளை.
இந்த நாட்டில் அவற்றுக்குப் பெயர்
குட்டிப் புனிதர்.
சிலை வைப்பது பாவம் என்று
என் அம்மாவின் அந்தோனியாரைக்
குப்பையில் போட வைத்த சபை
ஆயிரம் ஆயிரமாய் அடித்திருக்கிறது
குட்டிப் புனிதர்.

மழை வேறு.
ஈரக் காகிதம் துடைப்பத்துக்கு வராது.
குனிந்து நகத்தால் சுரண்டினேன்
டீக்கனின் நெற்றியை, பற்களை.
வழுக்கி விழுந்த கிழவர் ஒருவரைத் தூக்கி நிறுத்தினேன்;
அவர் செருப்படியிலும் டீக்கன்.

ஒன்பது மணிக்கு
ஆரஞ்சு உடுப்போடே வரிசையில் நின்றேன்.
அட்டை மறைப்புக்குள்
எந்திரம் எண் கேட்டது.
விரல் தானாகப் போயிற்று:
3, 9, 6.
என் புருஷன் சாகும்வரை முணுமுணுத்த பாட்டு.

எந்திரம் காத்திருந்தது.
இரண்டு கட்டங்கள் காலியாக இருந்தன.
பாட்டு அதற்குப் போதவில்லை.

வெளியே யாரோ தொண்டையைச் செருமினார்கள்.
அழிக்கிற பொத்தானை அழுத்தினேன்.
பிறகு அழுத்தியதைக் கர்த்தர் அறிவார்.

போதகரும் கேட்டார்,
புதன்கிழமை, கதவருகில்,
குலுக்கிய கையை விடாமல்.
"சீட்டெல்லாம் தரையில் ஒட்டிக்கொண்டது பாஸ்டர்,
இன்னும் இடுப்பு வலிக்கிறது" என்றேன்.

டீக்கன் இருநூறு ஓட்டில் ஜெயித்தார்.
ஏப்ரலில் சட்டம் வந்தது.
ஜாசிரா இப்போதும் என்னைப் பார்த்தால் நின்று
மகன் சாப்பிடுகிறானா என்று கேட்கிறாள்.
அதுதான் தாங்கவில்லை.

பலகையில் ஐந்து குழி அப்படியே இருக்கிறது.
மூன்று எண் மாட்டினால்
வலப்பக்கம் இரண்டு ஓட்டை.
பாடும்போது எல்லாரும் அங்கேதான் பார்க்கிறார்கள்,
அல்லது நான் மட்டும்.

எட்டு மணிக்குப் பின் தெருவில் முழவு நிற்கிறது.
இரண்டாம் சரணத்தின் நடுவில்,
எங்கள் அத்தனை சத்தத்துக்குள்ளும்,
அது நிற்பது
எனக்குக் கேட்கிறது.