இருபது எண்ணும் வரை

அரப்பாளையத்தில் ஏறி, வாடிப்பட்டியில் இறங்கி,
மிச்சத்தை ஷேர் ஆட்டோவில் குலுங்கிக் கடந்தோம்,
நானும் பெனிட்டாவும்.
குட்லாடம்பட்டி வாசலில் காவலர்
பாட்டிலில் ஸ்டிக்கர் ஒட்டினார்:
"திரும்பக் கொண்டாந்தா இருபது ரூவா."
"தண்ணி வருதாண்ணே?"
"வருது, வருது. நூலாட்டம்."

பொய்யில்லை.
அத்தனை பெரிய பாறைக்கு
அவ்வளவுதான் தண்ணீர்.
கீழே முப்பது பேர் வரிசையில்.
ஆளுக்கு இருபது எண்ணிக்கை;
குழாயடியில் குடத்தோடு நின்ற பழக்கம்,
சட்டம் போட யாரும் தேவைப்படவில்லை.

எண்ணியவள் முன்பல் விழுந்த ஒரு சிறுமி.
பிடிக்காதவர்களுக்கு வேகமாக எண்ணினாள்.
தொப்பைக்காரர் ஒருவருக்குத்
தலை நனையுமுன் பதினெட்டு தாண்டிவிட்டது.

பெனிட்டா போய் நின்றாள்.
குடும்ப நீதிமன்றத்தில் கையெழுத்திட்ட அன்றும்
அழாதவள்.
நூல் உச்சந்தலையில் விழுந்தது.
தோள் குலுங்கியது,
குளிராகவும் இருக்கலாம்.

"பத்தொன்பது" என்றாள் சிறுமி.
கொஞ்சம் பார்த்துவிட்டு,
"பத்தொன்பதே கால்."
"பத்தொன்பதரை."
வரிசையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.
"பத்தொன்பதே முக்கால்…
அப்பா, அப்புறம் என்ன?"

அப்பாவுக்குத் தெரியவில்லை.
"முக்காலே அரைக்கால்" என்றார்,
பாறையோரம் துண்டைப் பிழிந்துகொண்டே,
தொப்பைக்காரர்.